கொப்பியின் பின்பக்கத்து எண் கோலங்களால் ஏதும் பிரயோசனம் உண்டா?

கேள்வி: வணக்கம் ரீச்சர். நாங்கள் வவுனிக்குளத்துப் பக்கம் வயல் செய்கிற ஆட்கள். மகள் தரம் 10 படிக்கிறாள். கணிதத்தில் கெட்டிக்காரி. ஆனால் இப்ப கொஞ்ச நாளாகக் கடந்தகால வினாத்தாள் செய்யச் சொன்னால், கொப்பியின் பின்பக்கத்தில் 142857, 6174 என்று எண்களைப் பெருக்கியும் கழித்தும் எழுதிவிட்டு "அம்மா, இஞ்ச பாருங்கோ" என்று கொண்டுவருகிறாள். ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கனடாவில் இருக்கிற என்ரை அண்ணா 3, 6, 9 தான் பிரபஞ்சத்தின் இரகசியம் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார். பிள்ளையின் பெயர் எண் சரியில்லை, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினால் படிப்பு நல்லா வரும் என்றும் சொல்கிறார். ரியூசனிலோ இதெல்லாம் வீண் வேலை என்கிறார்கள். இந்த எண் கோலங்களுக்கு உண்மையாகவே அர்த்தம் இருக்கிறதா? ஏதும் பிரயோசனம் உண்டா? பிள்ளையைத் தடுக்கவா, விடவா?
– ஒரு தாய், மல்லாவி

அன்பான தங்கச்சிக்கு,

தடுக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் மனம் ஆறட்டும். ஆனால் மகளின் கொப்பியையும் அண்ணாவின் வீடியோவையும் ஒன்றாக எண்ணவும் வேண்டாம். ஓர் எண் கோலம் கண்ணில் பட்டதும் "இது ஏன் இப்படித்தான் வரவேண்டும்?" என்று கேட்டால் அது கணிதமாகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் "எவ்வளவு அதிசயம்!" என்று நிறுத்திக்கொண்டால் அது பொழுதுபோக்கு. அந்த அதிசயத்தை வைத்து மற்றவருடைய வாழ்க்கையில் கைவைத்தால் அது ஏமாற்று. ஆசிரிய ஆலோசகராக வன்னிப் பாடசாலைகளில் பல காலம் கணிதம் பார்த்தவள் என்ற முறையில், இந்த மூன்றையும் பிரித்தறிவது உங்கள் மகளின் வயதில் படியவேண்டிய பழக்கம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தின் மேல் மூலையில் 347347 என்று ஓர் எண் இருக்கிறது. அதை 7 ஆல் வகுத்து, வந்ததை 11 ஆல் வகுத்து, அதையும் 13 ஆல் வகுக்க 347 திரும்பி வந்துவிடுகிறது. எந்த மூன்று இலக்க எண்ணை இரண்டு தரம் எழுதினாலும் இப்படித்தான் வரும் என்று கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறாள். எனக்கு அந்தப் பக்கத்தில் மிகவும் பிடித்தது இதுதான். 347 ஐ இரண்டு தரம் எழுதுவது என்றால் 347000 உடன் 347 ஐக் கூட்டுவது. அதாவது 1001 ஆல் பெருக்குவது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஆகவே அவள் முதலில் 1001 ஆல் பெருக்கிவிட்டு, பிறகு அதே 1001 ஆல் வகுத்திருக்கிறாள். காரணம் தெரிந்ததும் அதிசயம் போய்விட்டது என்று சிலர் கவலைப்படுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு கருவி கைக்கு வந்திருக்கிறதே! 623847 என்ற எண் 7 ஆல் வகுபடுமா என்று கேட்டால் நீளமாக வகுக்கத் தேவையில்லை. மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து 847 இலிருந்து 623 ஐக் கழித்தால் 224. அது 7 ஆல் வகுபடும், 11 ஆலும் 13 ஆலும் வகுபடாது. பெரிய எண்ணுக்கும் அதே விடைதான்.

இனி அண்ணாவின் 3, 6, 9. அந்த வீடியோக்களில் வரும் கணக்கு சரியானது. 1 இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டு போகவேண்டும்: 1, 2, 4, 8, 16, 32, 64. ஒவ்வொன்றிலும் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் 1, 2, 4, 8, 7, 5, பிறகு மறுபடி 1. எவ்வளவு தூரம் போனாலும் 3, 6, 9 வராது. இதிலிருந்து "அந்த மூன்றும் தெய்வீக எண்கள்" என்று வீடியோ ஒரே பாய்ச்சல் பாய்கிறது.

ஏன் வராது? ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவது, அதை 9 ஆல் வகுத்து மீதியை எடுப்பதற்குச் சமம் (மீதி 0 வந்தால் 9 என்று எழுதுகிறோம்). மீதி 3, 6, 9 வரவேண்டுமென்றால் அந்த எண் 3 ஆல் வகுபட வேண்டும். 1 ஐ எத்தனை தரம் இரட்டித்தாலும் 2 என்ற காரணி மட்டும்தான் சேரும், 3 என்ற காரணி எங்கிருந்தும் வராது. கதை அவ்வளவுதான்.

மகளை இன்னொரு படி போகச் சொல்லுங்கள். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதற்குக் கையில் பத்து விரல் இருப்பதே பெரும்பாலும் காரணம். எட்டு விரல் இருந்து எட்டு எட்டாக எண்ணியிருந்தால் எட்டை "10" என்றும் பதினாறை "20" என்றும் முப்பத்திரண்டை "40" என்றும் எழுதியிருப்போம். அப்போது இதே இரட்டிப்பில் 1, 2, 4, 1, 2, 4 என்றே வரும். 3, 5, 6, 7 நான்கும் விடுபட்டுப்போகும், 9 என்ற இலக்கமே இருக்காது. எழுதும் முறையை மாற்றியதும் மறைந்துபோகும் ஒன்று பிரபஞ்சத்தின் இரகசியமாக இருக்க முடியாது. அது நம்முடைய எழுத்து முறையின் குணம். எந்த எண் கோலம் கண்ணில் பட்டாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

பெயர் எண்ணையும் அதே சோதனையில் போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டுகிறார்கள். அதற்கான அட்டவணையே ஒன்றல்ல. ஒரு முறையில் 1 முதல் 8 வரை, இன்னொரு முறையில் 1 முதல் 9 வரை. ஒரே பெயருக்கு இரண்டு அட்டவணையில் இரண்டு பலன் வரலாம். நீங்கள் வாய்நிறையக் கூப்பிடும் தமிழ்ப் பெயருக்கோ அந்த அட்டவணைகளில் இடமே இல்லை. உங்கள் அண்ணா பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. மகள் இன்னும் கொஞ்சக் காலத்தில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பாள், சாதாரண தரப் பரீட்சைக்கு அனுமதி அட்டை வரும், பிறகு பெறுபேற்றுச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று ஓர் எழுத்து மாறினாலும் அதைச் சரிசெய்யக் கந்தோர் கந்தோராக அலையவேண்டும். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு மறுபடி எடுக்கப் பட்ட பாடு எங்கள் சனத்துக்குத் தெரியாததல்ல. இருக்கிற பெயர் இருக்கிறபடியே இருக்கட்டும்.

142857 க்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. 2 ஆல் பெருக்கினால் 285714, 3 ஆல் பெருக்கினால் 428571. இப்படி 6 வரை அதே ஆறு இலக்கங்கள் வரிசை குலையாமல் சுழன்று வருகின்றன. 7 ஆல் பெருக்கினால் 999999. மகள் இதைத் தனக்கு வந்த செய்தி ஒன்றில் பார்த்திருப்பாள். அவளை உட்கார்த்தி 1 ஐ 7 ஆல் நீள்வகுத்தல் செய்யச் சொல்லுங்கள். 0.142857 என்று வந்து, திரும்பத் திரும்ப அதுவே வரும். ஒவ்வொரு படியிலும் மிஞ்சும் மீதியைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும்: 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1. ஏழால் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் ஆறும் ஒவ்வொரு தரம் வந்துவிட்டன. 2 ஐ 7 ஆல் வகுப்பது என்றால் அதே சுழலில் 2 என்ற மீதியிலிருந்து தொடங்குவதுதான். அதனால்தான் 285714. சுழல்வது எதனால் என்பது அந்த மீதிகளிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் எல்லா எண்ணுக்கும் இப்படி நடப்பதில்லை. 13 ஆல் வகுத்தால் 076923, 153846 என்று இரண்டு தனிச் சுழல்கள் வரும். 17, 19, 23 ஆகியவற்றுக்கு 7 ஐப் போல ஒரே முழுச் சுழல். இப்படி முழுச் சுழல் தரும் முதன்மை எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா? 1927 இல் எமில் ஆர்ட்டின் என்ற கணித அறிஞர் முன்வைத்த ஊகத்தின்படி இருக்க வேண்டும். இன்றுவரை எவரும் அதை முழுமையாக நிறுவவில்லை. தரம் 10 பிள்ளை நீள்வகுத்தலில் தொட்ட இடத்திலிருந்து சில எட்டு வைத்தால் உலகம் இன்னும் விடை காணாத கேள்வி நிற்கிறது. ரியூசனில் வீண் வேலை என்று சொன்னவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

பிரயோசனம் கேட்டீர்கள். ஆறு ஒன்பதுகளை வரிசையாக எழுதினால் அது 7 ஆல் வகுபடும், பன்னிரண்டு ஒன்பதுகள் 13 ஆல் வகுபடும், பதினாறு ஒன்பதுகள் 17 ஆல் வகுபடும். இந்தக் கோலத்தின் பொதுவான வடிவத்தை 1640 இல் பிரான்சில் பெர்மா எழுதினார். அவர் தொழிலால் சட்டத்தரணி, எண்கள்மீது தீராத ஆசை. அப்போது அதனால் யாருக்கும் ஒரு சதமும் கிடைக்கவில்லை. 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அந்தத் தேற்றத்தின் வழியில் ஒரு பூட்டைச் செய்தார்கள். பூட்டும் சாவியை ஊருக்கே கொடுத்துவிடலாம், திறக்கும் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும். இணையத்தில் பணமும் கடவுச்சொல்லும் களவு போகாமல் காத்த பூட்டுகளில் அது முதன்மையானது. பிறகு வந்த வேறு வகைப் பூட்டுகளுக்கும் மீதிக் கணக்கே அடிப்படை. அண்ணா கனடாவிலிருந்து அனுப்பும் காசு உங்கள் கணக்குக்குப் பத்திரமாக வந்து சேர்வதற்குள், 142857 இல் சுழன்ற அதே வகைக் கணக்கு எங்கோ ஓர் இயந்திரத்துக்குள் சுழன்றிருக்கிறது.

எல்லாக் கோலமும் இப்படிப் பலன் தருமென்று நான் சொல்லமாட்டேன். 6174 ஐ எடுங்கள். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத எந்த நான்கு இலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்ததை (999 வந்தால் 0999 என்று எழுதி) மறுபடி அப்படியே செய்துகொண்டு போனால் ஏழு படிக்குள் 6174 வந்துவிடும். 1949 இல் இதைக் கண்டவர் மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர். அழகான கண்டுபிடிப்பு. ஆனால் தசம எழுத்து முறையை விட்டால் இந்த 6174 இல்லை, இதனால் நடைமுறைப் பயன் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைப்பித்த ஹார்டியும் 1940 இல் இந்த வகையைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். 1089 இன் 9 மடங்கு 9801, 2178 இன் 4 மடங்கு 8712, இரண்டும் தலைகீழாகத் திரும்புகின்றன. இப்படித் திரும்பும் நான்கு இலக்க எண்கள் வேறில்லை. புதிர்ப் பகுதிக்கு ஏற்ற செய்தி, கணித அறிஞரை ஈர்க்க அதில் ஒன்றுமில்லை என்பது அவர் முடிவு. அவர் நிலையில் அது சரி. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்ல நான் உடன்படமாட்டேன். "ஏன்?" என்று கேட்கும் பழக்கத்தை எந்த எண்ணில் தொடங்கினால் என்ன?

அதே ஹார்டியின் அருகில் இருந்த இராமானுஜன் என்ன செய்தார் என்று பாருங்கள். 4 ஐச் சிறு எண்களின் கூட்டாக ஐந்து வகையில் எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. இப்படி 200 வரை ஒவ்வோர் எண்ணையும் எத்தனை வகையில் பிரிக்கலாம் என்று மக்மகோன் என்பவர் கையால் கணக்கிட்டு ஓர் அட்டவணை செய்திருந்தார். 4 க்கு 5, 9 க்கு 30, 14 க்கு 135, 19 க்கு 490, 24 க்கு 1575. ஐந்து ஐந்தாகத் தாண்டிப் போகும் அந்த இடங்களில் எல்லாம் விடை 5 ஆல் வகுபடுவதை இராமானுஜன் கண்டார். கண்டதோடு விடவில்லை, 1919 இல் நிறுவலையும் வெளியிட்டார். ஒன்றைப் பிரித்தெழுதும் வகைகளின் தொகை நாம் எந்த முறையில் எண்களை எழுதுகிறோம் என்று பார்த்து மாறாது. எட்டு விரல் உலகத்திலும் இந்தக் கோலம் அப்படியே நிற்கும். ஆனால் 5, 0 என்று முடியும் இலக்கங்கள் கண்ணில் பட, பத்துப் பத்தாக எழுதும் வழக்கம் கைகொடுத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேலோட்டமான கோலம் ஆழமானதற்கு வழிகாட்டுவதும் உண்டு.

அறிவியலில் இதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. உயர்தரத்தில் பௌதிகம் எடுத்தால் மகளுக்கு முதலாவது வரும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பெண்கள் பாடசாலையில் கற்பித்த பாமர் என்ற ஆசிரியர் 1885 இல் ஐதரசன் வாயு தரும் ஒளியின் நான்கு அலைநீளங்களை எடுத்து அவற்றில் கோலம் தேடினார். 9/5, 16/12, 25/21, 36/32 என்ற விகிதங்கள் கிடைத்தன. மேலே 3, 4, 5, 6 இன் வர்க்கங்கள், கீழே அதில் 4 குறைவு. ஏன் என்று அவருக்குத் தெரியாது. 1913 இல் நீல்ஸ் போர் என்ற பௌதிக அறிஞர் அணுவின் அமைப்பிலிருந்து காரணம் சொன்னார். மற்றக் கதை கோள்களின் தூரம். 0, 3, 6, 12, 24, 48 என்று எழுதி 4 ஐக் கூட்டினால், பூமியின் தூரத்தை 10 என்று வைத்துக்கொண்டு பார்க்க, சூரியனிலிருந்து கோள்களின் தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் என்று 1766 இல் டிட்டியஸ் கண்டார், போடே அதைப் பரப்பினார். 1781 இல் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது அதுவும் ஒத்தது. 1801 இல் கண்ட சீரிஸ் என்ற குறுங்கோளும் ஒத்தது. 1846 இல் நெப்டியூன் வந்தது. கோலத்தின்படி 388 இல் இருக்கவேண்டியது ஏறக்குறைய 300 இல் நின்றது. தொடங்கும்போது இரண்டு கோலங்களும் ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

வீட்டில் தொட்டுப் பார்க்கக்கூடிய பிரயோசனமும் சொல்கிறேன். 479 என்று தொடங்கும் பட்டைக் குறியுள்ள பிஸ்கட் பெட்டி, சவர்க்காரக் கட்டி ஏதாவது எடுங்கள். 479 இலங்கையில் பதிந்த இலக்கத்துக்கு உரிய தொடக்கம். மொத்தம் 13 இலக்கம். கடைசியானது காவல் இலக்கம். இடமிருந்து முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று ஒற்றை இடத்து இலக்கங்களை அப்படியே கூட்டி, இரட்டை இடத்தவற்றைக் கூட்டி 3 ஆல் பெருக்கிச் சேர்த்தால், மொத்தம் 10 இன் மடங்காக வரவேண்டும். 479000012345 என்று பன்னிரண்டு இலக்கம் இருந்தால் 19 உம் 48 உம் சேர்ந்து 67, ஆகவே கடைசி இலக்கம் 3. கடைக்காரர் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் இயந்திரம் உடனே மறுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டை மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும், ஆனால் அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் தப்பவிட்டுவிடும். ஏன் 5? மகளிடமே கேளுங்கள். புதிய தேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களிலும் இப்படி அமைப்பு இருக்கிறது. முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 சேரும். பெப்ரவரி 10 இல் பிறந்த பெண்பிள்ளைக்கு 541. அவளுடைய அட்டை வரும்போது தன்னுடைய எண்ணைத் தானே வாசிக்கட்டும். அந்த இலக்கங்களில் பொருள் உண்டு, காரணம் மனிதர் அறிந்தே அதை வைத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு நீங்கள் போடும் சிக்குக் கோலத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வைத்து, புள்ளிகளுக்கு இடையே சரிவாகப் போய் ஓரங்களில் மட்டும் திரும்பும் இழையைப் போட்டால் ஒரே இழையில் முடிந்துவிடும். 4 க்கு 6 வைத்தால் இரண்டு இழை வேண்டும். 5 க்கு 5 வைத்தால் ஐந்து. இழைகளின் தொகை எப்போதும் அந்த இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது. இதே கணக்கு உங்கள் உழவு இயந்திரத்துக்குள்ளும் உண்டு. 20 பல் உள்ள பற்சில்லு 40 பல் உள்ளதோடு சுழன்றால், சின்னதின் ஒவ்வொரு பல்லும் பெரியதின் அதே இரண்டு பற்களையே என்றும் சந்திக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால் எதிரில் உள்ள அந்த இரண்டும் தேயும். 40 க்குப் பதில் 41 வைத்தால் பொதுக் காரணி 1 தான். ஒவ்வொரு பல்லும் 41 ஐயும் சுற்றிச் சந்திக்க, தேய்மானம் எல்லாவற்றிலும் பரவிவிடும். இயந்திரம் அமைப்பவர்கள் இதை அறிந்தே பற்களின் தொகையைத் தேர்கிறார்கள்.

இனி என்ன செய்யலாம்? கொப்பியின் பின்பக்கத்தை விட்டு அவளுக்குத் தனியாக ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு கோலத்துக்கும் கீழே மூன்று விடயம் எழுதச் சொல்லுங்கள்: கண்டது என்ன, எதுவரை சரிபார்த்தேன், ஏன் இப்படி வருகிறது. மூன்றாவது வரி பல நாள் வெறுமையாகக் கிடக்கலாம், கிடக்கட்டும். இரண்டாவது வரியையும் குறைவாக எண்ணக்கூடாது. 31, 331, 3331, 33331 என்று 3 ஐ முன்னால் சேர்த்துக்கொண்டே போனால் 33333331 வரை ஏழும் முதன்மை எண்கள். எட்டாவதான 333333331 ஐ 17 ஆல் வகுத்தால் 19607843 என்று மீதியில்லாமல் வந்துவிடும். ஏழு தரம் சரிவந்தது எட்டாவதுக்கு உத்தரவாதமில்லை என்பதை அவள் கையால் வகுத்தே காணட்டும்.

வினாத்தாளையும் விடக்கூடாது, அதில் நான் உங்கள் பக்கம். வாரநாட்களில் வினாத்தாள் முடிந்த பிறகுதான் இந்தக் கொப்பி. எண் கோலங்களும் கூட்டல், பெருக்கல் விருத்திகளும் சாதாரண தரப் பாடத்திலேயே இருக்கின்றன. பொது உறுப்பைச் சூத்திரமாக எழுதும் இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். தான் கண்ட கோலத்தை அட்சரகணிதத்தில் எழுதிப் பழகியவளுக்கு அது சுலபம். கணித ஒலிம்பியாட் போட்டியைப் பற்றியும் பாடசாலையில் கேட்டு வையுங்கள். அதில் வரும் கேள்விகள் இவளுடைய மனதுக்கு ஏற்றவை.

அவளுக்கு என்னிடமிருந்து ஒரு கேள்வி. 6174 க்குச் செய்த அதே கழித்தலை இரண்டு இலக்க எண்ணில் செய்து பார்க்கட்டும். 09 உம் ஓர் இரண்டு இலக்க எண் என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே ஓர் எண்ணில் போய் நிற்பதில்லை: 9, 81, 63, 27, 45, மறுபடி 9 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். வருபவை எல்லாம் ஏன் 9 இன் மடங்குகள், ஏன் எந்த எண்ணிலும் நிற்பதில்லை என்று இரண்டுக்கும் காரணம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவளுடைய பதிலுக்குத் தனியாக மறுமொழி எழுதுகிறேன்.